மருந்தின் நான்காம் கூறு

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, விடுதி வாழ்வின் நினைவுகளையோ எமக்குக் கல்வியூட்டிய ஆசிரியப் பெருமக்களின் அருங்குணங்களையோ எழுதலாம் என முதலில் எண்ணினேன். அவை இனியவை, எழுதத் தக்கவை. ஆயின் அவற்றை என்னிலும் நன்றாக எழுத வல்லார் நம்மிடையே பலர் உளர். ஆதலின் அப்பணியை அவர்களுக்கு விட்டு, வன்னி நிலத்திலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் புரிந்தவன் என்ற உரிமையில், என் மனத்தை நெடுநாளாக அலைத்துவரும் பொருள் ஒன்றைப் பற்றிச் சில கருத்துக்களை முன்வைக்கத் துணிகின்றேன். விழாவின் பொருட்டுச் சங்கம் நிதி திரட்டும் இக்காலமே அவற்றைச் சொல்லுதற்கு ஏற்ற காலம் எனவும் கருதுகின்றேன்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். நோயுற்றவன் ஒரு கூறு; நோய் தீர்ப்பவன் ஒரு கூறு; மருந்து ஒரு கூறு; அருகிருந்து தொண்டு புரிபவன் ஒரு கூறு. முதல் மூன்றையும் உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளும். நான்காவதைப் பெரும்பாலும் மறந்துவிடும். மருத்துவன் வந்து பார்க்கும் நேரம் சிறிது. நோயாளி தனித்துக் கிடக்கும் நேரமோ பெரிது. அப்பெரிய நேரத்துக்கு உரியவன் அந்நான்காமவனே. போரினாற் புண்பட்ட உள்ளங்களுக்கு அவ்வாறு அருகிருக்கத் தக்கவர் யாவர் என வினவின், ஆசிரியரும் கலைஞரும் சமூகப் பணியாளரும் என விடை கூறுவேன். இம்மூவரும் தனித்தனியே நின்றால் பயன் சிறிது. ஒருங்கு நின்றால் பயன் பெரிது. இதுவே இக்கட்டுரையின் துணிபாகும்.

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, அருவி ஆற்றின் அயலிலே அமைந்தது செட்டிகுளம். வவுனியா மாவட்டத்தின் வெங்கலச்செட்டிகுளம் பிரதேசத்தைச் சேர்ந்தது. குளமும் வயலும் காடும் சூழ்ந்த நாடு அது. தமிழரும் முஸ்லிம் மக்களும் அயலவராய் வாழும் இடம். இவ்வமைதியான ஊரின் பெயர் 2009ஆம் ஆண்டிலே உலகச் செய்தித்தாள்களிலெல்லாம் இடம்பெற்றது. அவ்வாண்டு மே மாதத்தில் போர் முடிந்தபொழுது, வன்னியிலிருந்து வெளியேறிய ஏறக்குறைய 2,80,000 மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் செட்டிகுளத்துக் காட்டை வெட்டி அமைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமில் இருந்தனர். சுற்றிலும் முட்கம்பி வேலி. உள்ளே தறப்பாள் கொட்டில்கள். 2009 டிசம்பர் வரை வெளியே நடமாடும் உரிமை பெரும்பாலோர்க்கு இருக்கவில்லை. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. இறுதியாக வெளியேறிய கேப்பாப்பிலவு மக்களும் தம் ஊருக்குப் போகவில்லை. சீனியாமோட்டை என்னும் வேற்றிடத்திலே குடியமர்த்தப்பட்டனர்.

அம்முகாமின் வலயங்களுக்குச் சான்றோர் பெயர்கள் இடப்பட்டிருந்தன. ஆனந்த குமாரசுவாமி வலயம் ஒன்று. இராமநாதன் வலயம் ஒன்று. அருணாசலம் வலயம் ஒன்று. கீழைத்தேயக் கலையின் உட்பொருளை மேனாட்டார்க்கு விளக்கிய பேரறிஞரின் பெயரை முட்கம்பிக்கு உள்ளே ஒரு பலகையிலே கண்ட நாளில், பெயர் சூட்டியவர் என்ன நினைத்துச் சூட்டினாரோ என வியந்தேன். நானும் அங்கு இருந்தவன். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கையில் ஒரு பையுடன் அங்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவன்.

முகாமுக்குள்ளே பாடசாலைகள் தொடங்கின. இடம்பெயர்ந்த ஆசிரியரே இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் அங்கு நடைபெற்றன. அதே மாதத்திலே பெய்த பெருமழையாற் கொட்டில்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய இடத்திலும் பரீட்சை எழுதினார்கள் நம் பிள்ளைகள் என்று பெருமையோடு சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். ஆயின் அப்பெருமையின் நிழலில் நான் செய்த பிழை ஒன்றை இங்கு ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

என் ஐந்தாம் வகுப்பிலே ஒரு சிறுவன் நாள்தோறும் பிந்தியே வருவான். வந்ததும் உறங்குவான். கேட்ட கேள்விக்கு விடை கூறான். கேளாத நேரத்திலும் பேசான். பரீட்சை நெருங்குகின்றது என்ற பதற்றத்தில் அவனைப் பலமுறை கடிந்தேன். இருமுறை வகுப்புக்கு வெளியே நிற்கவும் வைத்தேன். முன்னர் முன்பள்ளி ஆசிரியையாய் இருந்து, முகாமிலே தொண்டராய்ப் பணியாற்றிய இளம்பெண் ஒருத்தி அதனைக் கண்டாள். மறுநாள் என்னிடம் வந்து, “சேர், அந்தப் பிள்ளை விடியப்புறம் மூண்டு மணிக்கே தண்ணி வரிசையில நிக்கிறான். அம்மம்மாவுக்கு நடக்க ஏலாது. வேற ஒருத்தரும் இல்லை” என்றாள். வேறு ஒருவரும் இல்லை என்றால் அதன் பொருள் என்ன என்பதை முகாமில் யாரும் விளக்கவேண்டியதில்லை. நான் தலை குனிந்தேன்.

அப்பெண் கடிதம் எழுதவில்லை, கூட்டம் கூட்டவில்லை. பக்கத்துக் கொட்டில்களிலிருந்த தாய்மார் மூவரிடம் பேசினாள். சிறுவனின் வாளியை அவர்கள் முறைவைத்து நிரப்புவது என முடிவாயிற்று. அடுத்த கிழமையே அவன் நேரத்துக்கு வந்தான், உறங்கவில்லை. ஆயினும் பேசவில்லை. தண்ணீர் வரிசை தீர்க்கக்கூடிய துன்பம். அதற்கு அப்பாலுள்ள துன்பத்துக்கு வரிசையும் இல்லை, முறையும் இல்லை.

எங்கள் வலயத்திலே முல்லைத்தீவுப் பகுதியைச் சேர்ந்த முதிய அண்ணாவியார் ஒருவர் இருந்தார். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இயைந்த கோவலன் கூத்தை இளமை முதல் ஆடியும் ஆட்டுவித்தும் வந்தவர். மத்தளம் எங்கோ வழியில் விடுபட்டுப் போயிற்று. மாலை வேளைகளில் வெற்றுப் பால்மாத் தகரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்துத் தாளம் தட்டிப் பாடுவார். பிள்ளைகள் கூடுவர். அச்சிறுவனும் ஓரத்தில் இருப்பான். சில நாட்களின் பின்னர் அவன் கையிலும் ஒரு தகரம் இருந்தது. ஒருநாள் ஆட்டம் முடிந்தபின் அவன் தானாகவே, “எங்கட அண்ணாவும் கோயில்ல மத்தளம் அடிக்கிறவர்” என்றான். அவன் ஓர் அண்ணனைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதன்முறை. நான் அருகில் இருந்தேன். அண்ணன் எங்கே, என்ன ஆயிற்று என்று கேட்க என் வாய் துடித்தது. அண்ணாவியார் அவ்வாறு கேட்கவில்லை. “அண்ணா எப்படி அடிக்கிறவர்? அடிச்சுக் காட்டு பாப்பம்” என்றார். அவன் அடித்துக் காட்டினான். நெடுநேரம் அடித்தான். அண்ணாவியார் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சில நாட்களின் பின்னர் “எங்கள் ஊர்த் திருவிழா” என்னும் தலைப்பிலே வகுப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். அவன் அரைப் பக்கம் எழுதினான். எழுத்துப் பிழைகள் இருந்தன. அவற்றை அன்று நான் திருத்தவில்லை. மறுநாள் அருகிருத்தித் திருத்திக் கொடுத்தேன். அவன் முற்றாக நலமடைந்தான் என்று நான் கூறவில்லை. அடுத்த ஆண்டிலே அவர்கள் ஊர் திரும்பினர். பின்னர் நான் அவனைக் கண்டிலேன். நான் கூறுவது இவ்வளவே: தொண்டர் இல்லையேல் அவன் வகுப்பில் விழித்திருந்திரான், அண்ணாவியார் இல்லையேல் அவன் வாய் திறந்திரான், வகுப்பு இல்லையேல் வாய் திறந்தது ஏட்டில் ஏறியிராது. மூவரில் ஒருவர் குறைந்திருப்பினும் அந்த அரைப் பக்கம் எழுதப்பட்டிராது.

நிற்க. ஒரு பிள்ளையின் கதையை வைத்துக்கொண்டு பொதுவிதி செய்தல் அறிவுடைமையாகாது. ஆதலின் இத்துறையில் பிறர் கண்டவற்றையும் நோக்குவோம்.

யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் உளமருத்துவப் பணி புரிந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், போரின் உளத்தாக்கத்தை ஆராய்ந்து 1998இல் “வடுப்பட்ட மனங்கள்” எனப் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். 2014இல் அவர் வெளியிட்ட பின்னைய நூல் “வடுப்பட்ட சமுதாயங்கள்” எனப் பொருள்படும் தலைப்பினது. மனங்கள் என்ற சொல் சமுதாயங்கள் என மாறியதிலே ஒரு பெரும் உண்மை அடங்கியுள்ளது. நம்மவரிடையே துன்பம் தனியொருவனின் நெஞ்சோடு நிற்பதில்லை. குடும்பத்தையும் ஊரையும் அவற்றின் நம்பிக்கையையும் உடைக்கின்றது. உடைந்தது ஊராயின் ஒட்டப்படவேண்டியதும் ஊரே. அதனை மருந்துக் குளிகையால் மட்டும் ஒட்டவியலாது.

போர் முடிந்த சில மாதங்களில் யாழ்ப்பாண மாவட்டத்திலே எடுக்கப்பட்டு 2011இல் வெளிவந்த ஆய்வொன்று, நூற்றுக்கு 7 பேருக்கு மனவடு நோயும், 22 பேருக்கு மனச்சோர்வும், ஏறக்குறைய 33 பேருக்குப் பதகளிப்பும் இருந்தன எனக் காட்டிற்று. இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடையே இவை இன்னும் மிகுதியாய்க் காணப்பட்டன. இத்தனை பேருக்கும் தனித்தனியே உளமருத்துவரை எங்கிருந்து கொணர்வது? ஆசிரியரோ ஒவ்வொரு கிராமத்திலும் உளர்.

ஆசிரியரும் உள்ளூர்த் தொண்டரும் இப்பணியைச் செய்யவல்லர் என்பதற்கும் சான்றுண்டு. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் வடகிழக்கிலே 31 பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட சோதனையொன்றை நோக்குக. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே அதனைச் செய்தனர். ஒரு பகுதிப் பிள்ளைகள் தம் வாழ்க்கையை நிலத்தில் விரித்த கயிறாக்கி, இன்பத்துக்குப் பூவும் துன்பத்துக்குக் கல்லும் வைத்து, கதையாகச் சொன்னார்கள். மறுபகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பழகினர். ஆறு மாதங்களின் பின்னர், முன்னவருள் ஐந்தில் நால்வரும் பின்னவருள் பத்தில் எழுவரும் நோய்நிலையினின்று நீங்கியிருந்தனர். தொகை சிறிதுதான். எனினும் பூவும் கல்லும் கதையும் தியானமும் நமக்குப் புதியன அல்ல என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இனி, என் கருத்துக்கு மாறாகத் தோன்றும் சான்றையும் மறைத்தல் நேர்மையன்று. 2012இல் வெளியான ஓர் ஆய்விலே, வடபகுதிப் பாடசாலைகளில் 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகள் கலந்துகொண்டனர். ஒரு பகுதியினருக்கு ஐந்து கிழமைகளில் 15 அமர்வுகள் நடத்தப்பட்டன; விளையாட்டும் சித்திரமும் நாடகமும் அவற்றில் இருந்தன. மனவடு, மனச்சோர்வு ஆகிய முதன்மைக் குறிகளில் இரு பகுதியினரிடையேயும் பொதுவான வேறுபாடு காணப்படவில்லை. நடத்தைக் குறைபாடுகள் மட்டும் குறைந்தன. பெண்பிள்ளைகளுள் அமர்வுகளிற் பங்குபற்றியோர், பங்குபற்றாதோரைவிட மெதுவாகவே தேறினர். அன்றாட வாழ்விலே போரின் நெருக்கடி குறைந்திருந்த பிள்ளைகளே மிகுந்த பயன் பெற்றனர்.

இதனைக் கண்டு கலையாற் பயனில்லை என முடிவு செய்வோர் உளர். நான் அவ்வாறு கொள்ளேன். பதினைந்து அமர்வுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனால், வீட்டிலே பசியும் வாசலிலே அச்சமும் அப்படியே இருக்குமாயின், கலை தன் வேலையைச் செய்யமாட்டாது என்பதே அவ்வாய்வு எனக்கு உணர்த்தும் பாடம். தண்ணீர் வரிசையில் நின்று களைத்த பிள்ளையின் கையில் தூரிகையைக் கொடுத்தால் அவன் உறங்கவே செய்வான். கலைஞனுக்கு முன்னே சமூகப் பணியாளன் போகவேண்டும். இருவருக்கும் பின்னே, அவர்கள் போனபின்னும் அங்கேயே இருக்கும் ஆசிரியன் வேண்டும்.

இம்மூன்றையும் இணைத்த முயற்சிகள் நம் நாட்டிற்குப் புதியனவல்ல. மட்டக்களப்பிலே 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை அறிந்தோர் நம்மில் சிலர் இருப்பர். கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும், உளவளத் துணைப் பணியில் ஈடுபட்ட யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதனை உருவாக்கினர். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரு சோலைக்குள் வரவழைத்தனர். மண் பிசைந்தும் வண்ணம் தீட்டியும் கதை புனைந்தும் அவர்கள் கிழமைதோறும் பல மாதங்கள் ஒருங்கிருந்தனர். ஒரு நாள் விழாவன்று. பல மாதங்கள் என்பதைக் குறித்துக்கொள்க.

வவுனியாவிலேயே 1970களின் பிற்பகுதியில் காந்தியம் என்னும் இயக்கம் இயங்கியது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அதனை முன்னின்று நடத்தினர். 1977ஆம் ஆண்டு வன்செயலால் மலையகத்திலிருந்து ஓடிவந்த மக்களை வன்னி மண்ணிலே குடியேற்றியதோடு, கிராமத்து இளம்பெண்களைப் பயிற்றி முன்பள்ளிகளையும் அவர்கள் நடத்தினர். மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார். இன்று அப்பெயர் பலருக்கு நினைவில்லை. புண்பட்டு வந்த மக்களுக்கு நிலமும் வேண்டும், பிள்ளைக்குப் பாட்டும் வேண்டும் என அவர்கள் அறிந்திருந்தனர்.

நமது சமயக் கல்வி மரபும் இதற்கு அயலன்று. 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திய ஆறுமுக நாவலர் யார்? பள்ளிக்கூடம் கண்டவர், உரைநடை வல்லாளர், பிரசங்க மேடையின் பேரரசர். பசித்தவன் முன்னே அவர் பிரசங்கத்தை நிறுத்திக் கஞ்சி வார்த்தார். யாழ் நூல் தந்த விபுலானந்த அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராய் இருந்த காலத்தில், ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். கல்வி, கலை, தொண்டு என்னும் மூன்றையும் ஓருயிரிலே கண்ட பெரியோர் இவர். இன்று நமக்கு அத்தகைய ஒருவர் கிடைத்தல் அரிது. ஆனால் மூவர் சேர்ந்து ஒருவராகலாம்.

உலகிலும் இவ்வாறே. 1942 யூலை 18ஆம் நாள், வார்சோ நகரின் யூதர் சேரியிலே அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்திய மருத்துவர் யானுஸ் கோர்ச்சாக், தம் பிள்ளைகளைக் கொண்டு தாகூரின் “தபால் நிலையம்” என்னும் நாடகத்தை மேடையேற்றுவித்தார். நோயுற்று அறைக்குள் அடைபட்ட சிறுவன் ஒருவன் வெளியுலகைக் கனவு கண்டு அமைதியாக உயிர் துறக்கும் கதை அது. சில கிழமைகளுக்குள் கோர்ச்சாக்கும் பிள்ளைகளும் திரெப்ளிங்காக் கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நாடகம் அவர்களைக் காப்பாற்றவில்லை. கலை காப்பாற்றும் என நான் வாதிடவும் இல்லை. இறுதிவரை அவர்கள் பிள்ளைகளாகவே இருக்க அது துணை நின்றது என்பதை எவரும் மறுக்கவியலாது.

இனி எதிர்ப்புரைகளுக்கு வருவோம். “பாடத்திட்டமே ஆசிரியரின் முதுகை முறிக்கின்றது, இதனையும் சுமத்தலாமா?” என்பர் சிலர். சுமத்தலாகாது என்றே நானும் கூறுவேன். ஆதலினாற்றான் மற்றிருவரையும் ஆசிரியரின் அருகில் நிறுத்துக என்கின்றேன். “வயிற்றுக்குச் சோறு முதலில், கூத்தும் சித்திரமும் பின்னர்” என்பர் வேறு சிலர். சோறும் கூத்தும் ஒன்றற்கொன்று பகையல்ல. கையில் ஏதுமின்றி முகாமுக்கு வந்த மக்கள், முதற் கிழமையிலேயே ஒரு மரத்தடியில் கல் ஒன்றை நட்டு விளக்கேற்றியதை நான் கண்டேன். அவர்களுக்கு எது முதல், எது பின் என நாம் விதித்தல் தகாது.

மூன்றாவது எதிர்ப்புரையே வலியது. “ஆற்றுதல் என்ற பெயரால் மக்களை மறக்கச் செய்கின்றீர், நீதியைக் கேட்கும் குரலைத் தாலாட்டி உறங்கவைக்கின்றீர்” என்பதே அது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிலே தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். விடை காணாமலே அவர்களுட் பலர் இறந்துவிட்டனர். மகன் இறந்தான் என அறிந்தால் எட்டுச் செலவு உண்டு, அந்தியேட்டி உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. அறியாதவளுக்கு எந்தக் கிரியையும் இல்லை. அவளது துயரத்துக்கு மருந்து உண்மையே, பாட்டு அன்று. இதனை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கின்றேன். ஆயின் உண்மை வருமளவும் அவள் உயிரோடும் உணர்வோடும் இருத்தல் வேண்டுமன்றோ? கோவலன் கூத்திலே கண்ணகி ஆறுதல் பெற்று வீடு திரும்புவதில்லை. அரசவைக்குச் சென்று வழக்குரைக்கின்றாள். வன்னி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த கூத்து அது. நம் கலை மறக்கச் செய்வதன்று. நினைத்தற்கு வலிமை தருவது.

ஆயினும் இப்பணியில் கைவைப்போர் சில கட்டுப்பாடுகளை விரதம்போற் காத்தல் வேண்டும். பிள்ளை சொல்ல விரும்பாததைச் சொல்லுமாறு வற்புறுத்தலாகாது. அண்ணாவியார் கேளாது விட்ட கேள்வியே அன்று மருந்தாயிற்று. பிள்ளையின் சித்திரத்தையும் கண்ணீரையும் விருந்தினர்க்குக் காட்சிப்பொருள் ஆக்கலாகாது; படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பி நிதி கேட்கலாகாது. உறக்கமின்றி அலைவோரையும் உயிர்மாய்க்க எண்ணுவோரையும் தாமதமின்றி மருத்துவமனையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்; நான்காம் கூறு இரண்டாம் கூறின் இடத்தைப் பிடிக்க முயலலாகாது. சமயம், சாதி, இனம் பாராது அயலிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் ஒரே களரியில் இருத்துதல் வேண்டும்.

இறுதியாக, சங்கத்தார்க்கு என் வேண்டுகோள். கட்டடங்களாலும் வாயில் வளைவுகளாலும் நம் கல்லூரி குறைவுற்றிருக்கவில்லை. விழா நிதியில் ஒரு பங்கை, செட்டிகுளப் பகுதியிலுள்ள சிறிய பாடசாலைகள் சிலவற்றுக்கு, மூன்று ஆண்டுக் காலத்துக்கு ஒதுக்குமாறு கேட்கின்றேன். அதனைக் கொண்டு மூன்று காரியங்கள் செய்யலாம். உளவளத் துணையில் பயிற்சி பெற விரும்பும் ஆசிரியர்க்கு அப்பயிற்சிச் செலவைக் கொடுக்கலாம். முதுமையுற்ற அண்ணாவிமார்க்கும் நுண்கலை கற்று வேலையின்றியிருக்கும் இளைஞர்க்கும் கிழமையில் இரு மாலைகள் பாடசாலையிற் கூத்தும் இசையும் சித்திரமும் பழக்க வேதனம் கொடுக்கலாம். சமூகப் பணி கற்ற ஒருவர்க்குச் சம்பளமும் ஒரு மோட்டார் சைக்கிளும் அதற்கு எண்ணெயும் கொடுத்து, பிந்தி வரும் பிள்ளையின் வீட்டுக்குச் சென்று பிந்துவதற்குக் காரணம் அறியச் செய்யலாம். பல்கலைக்கழகமாய் 2021இல் உயர்ந்த வவுனியா வளாகம் அண்மையிலேயே உள்ளது. அதன் துணையையும் நாடலாம்.

ஆண்டிறுதியிலே பயனை எவ்வாறு அளப்பது எனக் கணக்காளர் கேட்பர். கைதட்டலை எண்ணவேண்டாம். பாடசாலைக்கு வராதிருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பினர். பேசாதிருந்தவருள் எத்தனை பேர் பேசினர். மூன்றாண்டின் பின் நம் பணம் நின்றபோது அவ்வூராரே எதனைத் தொடர்ந்து நடத்தினர் என்பவற்றை எண்ணுக. இவ்வெண்கள் சிறியனவாக இருக்கலாம். சிறியன என்பதற்காக அவை பொய்யாகா.

மெனிக் பாம் மூடப்பட்டு ஆண்டுகள் பல கழிந்தன. அன்று ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று தாயும் தந்தையும் ஆயினர். அவர்களின் பிள்ளைகள் இப்பொழுது பாடசாலையில் இருக்கின்றனர். தந்தையின் மௌனம் மகனுக்கு முதுசமாகச் சேராதிருத்தல் வேண்டும். அதற்கு நாம் செய்யக்கூடியது சிறிதேனும் உண்டாயின், அதனை இவ்விழா ஆண்டிலேயே தொடங்குதல் முறை. இறைவன் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.